கிளைடர் பறப்பும் நிறக்குருடும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரம் இல்லாமல், மேலெழும் காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் கிளைடரைப் பொழுதுபோக்காகக் கொண்ட தமிழர்கள் கொழும்பில் மிகச் சிலரே. அவர்களிலும் பெரும்பாலோர் படிப்புக்கோ வேலைக்கோ இங்கிலாந்து, ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று போன இடத்தில் பழகிக்கொண்டவர்கள். நானும் அப்படி இங்கிலாந்தில் பழகியவன்தான். வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வரும் உறவினர்களும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் அங்கே ஆகாயத்தில் ஏறுவதை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். நான் வைத்தியன் அல்லன். எனக்கே சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரிந்து தெரியாது என்பதால், நிறம் பற்றிய பகுதி சற்று நீண்டுவிட்டது.

நிறக்குருடு உள்ளவர் கிளைடர் ஓட்ட முடியுமா?

பெரும்பாலும் முடியும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியின்படி கிளைடர் அனுமதிப்பத்திரத்துக்கு இரண்டாம் தர வைத்தியச் சான்று வேண்டும். அந்தத் தரத்தில் நிறச் சோதனைகள் எல்லாவற்றிலும் தவறியவருக்கும், பகலில் கண்ணால் பார்த்துப் பறப்பதற்கு மட்டும் என்ற கட்டுப்பாட்டுடன் சான்று வழங்க இடமிருக்கிறது. சிறிய இயந்திர விமானம் ஓட்டுபவருக்கு இந்தக் கட்டுப்பாடு ஓர் இழப்பு; கிளைடர் ஓட்டுபவருக்கு அநேகமாக எதுவுமே இல்லை. வெயில் தரையைச் சுட்டு, சுட்ட தரை காற்றைச் சூடாக்கி, அந்தக் காற்று எழும்பும்போதுதான் நாம் எழும்புகிறோம். பொழுது சாய்ந்தால் எங்கள் எரிபொருள் தீர்ந்துவிடுகிறது. இரவில் பறக்கக் கூடாது என்று கிளைடர்காரரிடம் சொல்வது, மழை பெய்யும்போது பட்டம் விடக் கூடாது என்று காலிமுகத்திடலில் நிற்கும் பையனிடம் சொல்வதைப் போன்றது.

நாடுகள் தம் எல்லைக்குள் இந்த விதியை இன்னும் தளர்த்தியிருக்கின்றன. அமெரிக்காவில் கிளைடர் விமானிக்கு வைத்தியச் சான்றே தேவையில்லை. பறப்பதற்கு இடையூறான நோய் தமக்கு இருப்பதாக அறிந்தால் பறக்கக் கூடாது என்ற பொறுப்பு அவரிடமே விடப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கிளைடருக்குப் போதுமான இலகுரக விமானிச் சான்றில், இரவில் பறக்கும் தகுதி கேட்பவருக்கு மட்டுமே, நிறப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா சோதனை கட்டாயம். பிரித்தானியாவில் பொழுதுபோக்கு விமானிகள் பலர் தாமே கையெழுத்திடும் உடல்நலப் பிரகடனத்துடன் பறக்கிறார்கள். இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற விரும்புபவர் சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

என் மகனுக்கு எப்படி இது வந்தது? எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே?

இருந்திருக்கும்; யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விழித்திரையில் நிறம் உணரும் கூம்புக் கலங்கள் மூன்று வகை. அவற்றில் சிவப்பையும் பச்சையையும் உணரும் இரு வகைகளுக்குரிய பரம்பரையலகுகள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது ஈடுகொடுத்துவிடும். ஆகவே மகனின் குறைக்குத் தந்தையின் பக்கத்தில் காரணம் தேடுவது வீண். தாயின் தந்தையை, தாய்மாமனை விசாரித்துப் பாருங்கள். மாமனைக் கொண்டிருக்கிறான் மருமகன் என்று நம் வீடுகளில் சொல்வது இந்த விடயத்தில் விஞ்ஞானமாகவே பொருந்துகிறது. எனக்கு இருப்பது தெரிந்த பின்னர்தான், புடைவைக் கடையில் பச்சைச் சேலையைக் கபில நிறம் என்று சொல்லி அத்தையிடம் ஆயுள் முழுவதும் ஏச்சு வாங்கிய என் மாமாவின் கதை எங்களுக்கு விளங்கியது.

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேருக்கு இது உண்டு. பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர் அளவில். ஆசிய மக்களிடையே சற்றுக் குறைவு. ‘குருடு’ என்ற சொல்தான் தவறான எண்ணத்தைத் தருகிறது. உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது மிக மிக அரிது. பெரும்பாலோருக்கு ஒரு வகைக் கூம்பு இல்லாமலோ, அதன் உணர்வு பக்கத்து வகையுடன் நெருங்கியோ இருப்பதால், சிவப்பு, பச்சை, கபிலம், செம்மஞ்சள் ஆகியவற்றின் இடையிலுள்ள எல்லைகள் மங்குகின்றன. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும்.

இஷிஹாரா புத்தகத்தில் தவறிவிட்டேன். அத்துடன் முடிந்ததா?

இல்லை. டோக்கியோவைச் சேர்ந்த ஷினோபு இஷிஹாரா 1917 இல் வெளியிட்ட அந்தப் புள்ளித் தகடுகள் குறை உண்டா என்று சலித்தெடுப்பதற்கு மிகச் சிறந்தவை. குறை எவ்வளவு என்றோ, ஒரு விளக்கின் நிறத்தை உங்களால் இனங்காண முடியுமா என்றோ சொல்வதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் அவற்றுக்கு இல்லை. அதனால் தகடுகளில் தவறியவருக்கு, விமானப் போக்குவரத்தில் பயன்படும் நிற விளக்குகளைச் சரியாக இனங்காண்கிறாரா என்று பார்க்கும் விளக்குச் சோதனைக்கும், லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் உருவான கணினிச் சோதனை போன்றவற்றுக்கும் விதிகளில் இடம் இருக்கிறது. விமானத்துறைக்கு இந்த அக்கறை ரயிலிலிருந்து வந்தது. 1875 இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதிய பின்னர், சமிக்ஞை நிறத்தைத் தவறாகக் கண்டதே காரணமாகலாம் என்று ஃபிரித்தியோஃப் ஹோல்ம்கிரென் என்ற உடலியல் பேராசிரியர் வாதாடி, நிற நூல்களைக் கொண்டு ரயில்வே ஊழியர்களைச் சோதிக்கத் தொடங்கினார். அந்த விபத்துக்கு உண்மையில் நிறக்குருடுதான் காரணமா என்பதில் பிற்கால ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. சோதனை மட்டும் நிலைத்துவிட்டது.

தகடுகளின் எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போனால் என்ன?

கொழும்பில் எனக்கே ஒரு கண்ணாடிக் கடையில் இந்த ஆலோசனை கிடைத்தது. வரிசையை எழுதியும் தந்தார்கள். இந்த வேலையைச் செய்யாதீர்கள். தகடுகளின் வரிசையை மாற்றிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் அகப்பட்டுவிடுவீர்கள் என்பது ஒருபுறமிருக்க, பகல் கட்டுப்பாடு எங்களுக்கு எதையும் பறிக்காதபோது எதற்காகப் பொய் சொல்ல வேண்டும்? உண்மையை மறைத்துப் பெற்ற சான்று, விபத்தென்று வரும் நாளில் காப்புறுதி நிறுவனத்தின் கையில் ஆயுதமாகிவிடும். பயிற்றுநர் அறிந்திருந்தால் ‘அந்தச் சிவப்புக் கூரைக்கு மேலே திரும்பு’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘இரண்டு புகைபோக்கி உள்ள கூரைக்கு மேலே’ என்று சொல்வார். என் முதல் பயிற்றுநருக்கு நான் சொல்லாமல் விட்டு, மூன்று நாள் வேறு கூரைக்கு மேலே திரும்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் கிளைடரில் நிறம் எங்கேதான் முக்கியம்?

ஐரோப்பியத் தர விதிப்படி விமானி அறையின் பிடிகளுக்கு நிறம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: இழுவைக் கயிற்றை விடுவிக்கும் பிடி மஞ்சள், இறங்குவதற்காக இறக்கையில் தடுப்புத் தகடுகளை எழுப்பும் ஏர்பிரேக் நீலம், மூக்கின் நிலையைச் சீராக வைக்கும் ட்ரிம் பச்சை, ஆபத்தில் விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியைக் கழற்றி எறியும் பிடி சிவப்பு. முதல் இரண்டும் எங்களுக்குத் தெளிவாகத் தெரியும் நிறங்கள். பச்சையையும் சிவப்பையும்தான் குழப்பக்கூடும். ஆனால் நல்ல நிறப்பார்வை உள்ள விமானிகளே இறங்கும் அவசரத்தில் ஏர்பிரேக் என்று எண்ணிச் சக்கரத்தை மடக்கும் பிடியை இழுத்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அவர்களின் கண் பார்த்தது மைதானத்தை. கை தேடியது ஒரு பிடியை. ஆகவே நிறம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிடியையும் இடத்தாலும் வடிவத்தாலும் தொட்டுக் காட்டப் பழகுவதே முறை. புதிய கிளைடரில் ஏறும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள்.

வேகமானியிலுள்ள பச்சை, மஞ்சள் வில்களும் சிவப்புக் கோடும் இடத்தால் அறியப்படுபவை. எண்ணைப் படித்தால் போதும். ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் வேரியோமீட்டர் ஒலியால் பேசுகிறது. விமானியின் முன்னால் கண்ணாடி மூடியின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும் கம்பளி நூல், விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று காட்டும் மிக மலிவான கருவி. அது வழக்கமாகச் சிவப்பு. பச்சை வயல்களுக்கு மேல் எனக்கு அது மறைந்துவிடும். கழகத்தில் கேட்டு, கறுப்பு நூலாக மாற்றிக்கொண்டேன். கைபேசியிலோ பலகையிலோ ஓடும் வரைபடச் செயலிகளில் வான்வெளி எல்லைகளின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பெரும்பாலும் உண்டு. பறப்பதற்கு முன்னர் நிதானமாக இருந்து மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையான ஆபத்து தரையில் இருக்கிறது. தரையில் நின்று கிளைடரை இழுத்து மேலேற்றும் வின்ச் இயந்திரத்தின் கயிற்றில், இழுவிசை அளவுக்கு மீறினால் முதலில் முறிவதற்கென்றே ஓர் உலோகத் துண்டு பூட்டப்படுகிறது. பரவலாகப் பயன்படும் ஜேர்மன் டொஸ்ட் நிறுவனத்தின் துண்டுகளில் முறியும் இழுவிசை, கறுப்பு என்றால் 1000 டெக்காநியூற்றன் (விசையின் அலகு), கபிலம் 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500, மஞ்சள் 400, பச்சை 300. கபிலத்தையும் பச்சையையும் குழப்பும் கண்ணுக்கு இந்தப் பட்டியல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். 850 பூட்ட வேண்டிய இடத்தில் 300 பூட்டினால், மூக்கு உயர்ந்திருக்கும் வேளையில் தாழ்வான உயரத்தில் கயிறு முறியும். மறுபக்கமாகக் குழப்பினால் முறிய வேண்டியது முறியாமல் இறக்கையின் பளு எல்லை மீறும். மற்றவர்கள் என்னை வெட்கப்படுத்தினாலும் இந்தத் துண்டை நான் தனியாகப் பூட்டுவதில்லை. பக்கத்தில் நிற்பவரிடம் நிறத்தைச் சொல்லச் சொல்வேன்.

கழகத்துக்குத் திரும்ப முடியாமல் வெளி வயலில் இறங்க நேர்ந்தால்?

நிறக்குறை உள்ளவர் மிகக் கவனமாகப் பழக வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் உயரம் தீர்ந்துவிட்டால் ஏதாவது ஒரு வயலைத் தெரிந்து இறங்குவது சாதாரண நிகழ்வு. கழகத்தார் இழுவை வண்டியுடன் வந்து ஏற்றிச் செல்வார்கள். எந்த வயல் அறுவடை முடிந்த தாள்வயல், எது இடுப்பளவு முற்றிய கோதுமை, எது மாடு மேயும் புல்வெளி என்பதை மற்றவர்கள் பெரும்பாலும் நிறத்தால் சொல்லிவிடுவார்கள். முதிர்ந்த பயிரும் காய்ந்த புல்லும் எனக்கு ஒரே சாயலில் தெரியும். நான் பார்ப்பது வேறு: உழவு இயந்திரம் போன இணைகோடுகள் ஆழமாகத் தெரிந்தால் பயிர் உயரம், காற்றில் அலை ஓடினால் பயிர் உயரம், வேலியோரம் நிழல் முறிந்து விழுந்தால் அங்கே படி போல ஓர் உயர வேறுபாடு உண்டு, வைக்கோல் கட்டுகள் கிடந்தால் அறுவடை முடிந்தது. எந்த மாதத்தில் எந்தப் பயிர் எந்த நிலையில் இருக்கும் என்பதை வண்டியில் போகும்போதே வீதியோரம் பார்த்து வைத்துக்கொள்வேன். ஐயம் இருந்தால் அந்த வயலை விட்டுவிட்டு, அடுத்ததை எட்டும் உயரம் இருக்கும்போதே முடிவெடுப்பேன்.

நம் ஊர் நெல்வயலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஓர் எச்சரிக்கை: வரப்புகளும் சேறும் உள்ள வயலில் கிளைடரை இறக்கும் எண்ணம் எந்த நிறப்பார்வையுடனும் வேண்டாம்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து காட்டும் சிவப்பு, பச்சை விளக்கு தெரியாவிட்டால்?

வானொலி பழுதானால் மட்டுமே அந்த விளக்குகளுக்கு வேலை. நிலையான பச்சை இறங்க அனுமதி. நிலையான சிவப்பு மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு. மின்னும் சிவப்பு மைதானம் ஆபத்தானது, இறங்காதே. கிளைடர் கழகங்களின் மைதானங்களில் பெரும்பாலும் கோபுரமே இருக்காது. ஓடுபாதையோரம் இறக்கக் கோணத்தைக் காட்டும் சிவப்பு வெள்ளை விளக்குகளையும் நாம் பின்பற்றுவதில்லை; கிளைடர் அதைவிடச் செங்குத்தாக இறங்கும்.

நிறம் திருத்தும் கண்ணாடி போட்டால் சரியாகுமா? வெயில் கண்ணாடி?

திருத்தும் கண்ணாடி சில நிறங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுமே தவிர, இல்லாத கூம்பைத் தராது, ஒளியையும் குறைத்துவிடும். விமான வைத்தியச் சோதனைகளில் அதை ஏற்பதில்லை. வெயில் கண்ணாடி அவசியம். ஆனால் துருவப்படுத்திய வில்லை வேண்டாம். திரவப் படிகத் திரைகள் அதனூடே இருண்டுபோகும். விமானத்தின் கண்ணாடி மூடியில் வானவில் போலப் பட்டைகளும் தெரியும். சாம்பல் நிற வில்லையே நிறங்களை அதிகம் குழப்பாது. பார்வைக்கு மூக்குக்கண்ணாடி அணிபவர் இன்னொன்றை எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். தொப்பி துணியாலான மென்மையானதாக இருக்கட்டும். முன்னால் நீண்ட கூரையுள்ள கிரிக்கெட் தொப்பி, மேலே வட்டமிடும் அடுத்த கிளைடரை மறைக்கும்.

முன்பு நிறங்கள் நன்றாகத் தெரிந்தன, இப்போது மாறிவிட்டன. இதுவும் நிறக்குருடா?

இதைப் பிறவிக் குறையுடன் குழப்பக் கூடாது. பிறவியில் வந்தது மாறாது. மாறினால் அது வேறு நோயின் அறிகுறி. காசநோய்க்குக் கொடுக்கும் எதம்பியூற்றோல் பார்வை நரம்பைத் தாக்கினால் முதலில் சிவப்பும் பச்சையும் மங்கலாம். இதயத்துக்கான டிஜொக்சின் அளவு கூடினால் பொருட்கள் மஞ்சளாகத் தெரியலாம். கண்புரை மெல்ல மெல்ல நீலத்தை விழுங்கும். நீரிழிவும் விழித்திரையைத் தாக்கும். ஒரு கண்ணில் மட்டும் மாற்றம் என்றால் இன்னும் அவசரம். பறப்பதை நிறுத்திவிட்டு, தேசிய கண் வைத்தியசாலையிலோ உங்கள் கண் வைத்தியரிடமோ காட்டுங்கள்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. பறக்கலாமா?

எந்த மருந்து என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு இரத்தச் சீனி ஆபத்தாக இறங்குவது அரிது. கிளிக்லசைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் சீனியை இறக்கிவிடக்கூடியவை. மதிய உணவைத் தவறவிட்டு நான்கு மணி நேரம் வானில் இருக்கும் ஒருவருக்கு நடுக்கமும் மயக்கமும் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்துவது போல நிறுத்த இடமில்லை. விமான வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் விதிக்கும் ஒழுங்கின்படி நடவுங்கள். இரத்த அழுத்தத்துக்கும் அப்படியே; கட்டுப்பாட்டில் இருந்தால் பெரும்பாலும் தடையில்லை.

தடிமனுக்கு ஒரு குளிசை போட்டுவிட்டுப் போகலாம்தானே?

நிறக்குருட்டைவிட எனக்குப் பயம் தருவது இந்தக் கேள்விதான். பாமசியில் சர்வசாதாரணமாக வாங்கும் குளோர்பெனிரமின் நித்திரையை வரவழைக்கும். நித்திரை வந்ததை நாமே உணராதபடி கவனத்தைக் குறைக்கும். மருந்தின் இரு வேளைகளுக்கு இடைப்பட்ட நேரத்தைப் போல ஐந்து மடங்கு காத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறையின் பொது வழிகாட்டல். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுப்பதென்றால் முப்பது மணித்தியாலம். மருந்தே எடுக்காவிட்டாலும், மூக்கடைப்புடன் ஏறினால் இறங்கும்போது நடுச்செவியின் அழுத்தம் சமப்படாமல் காது வலியால் துடிக்க நேரும்.

நீண்ட பறப்பில் தண்ணீருக்கும் சிறுநீருக்கும் என்ன வழி?

கேட்கக் கூசும் கேள்வி. ஆனால் எல்லோரும் கேட்பார்கள். சிறுநீருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஏறுவதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. கண்ணாடி மூடியின் கீழ் வெயிலில் இருக்கும் உடல் விரைவில் வறண்டு, தலைவலியும் தவறான முடிவுகளும் தொடங்கிவிடும். கொழும்பில் வளர்ந்தவர்களுக்கு வெயில் பழக்கம் என்ற எண்ணமும் உதவாது. இங்கே வியர்வை ஒழுகுவதால் தாகம் தெரிகிறது, உயரத்தின் வறண்ட காற்றில் அது தெரியாமலே உலர்கிறது. ஆண்கள் உறிஞ்சும் தூளிட்ட பைகளையோ வெளிக்குழாயையோ, பெண்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கான அணையாடையையோ பயன்படுத்துகிறார்கள். முதல் தடவை முயல்வது வானில் வேண்டாம். வீட்டில், கிளைடரில் சாய்ந்திருப்பது போலச் சாய்ந்திருந்து பழகுங்கள்.

தலைசுற்றல், வாந்தி வருமா?

வெப்பக் காற்றில் வட்டமிடும்போது பலருக்கு வரும். சில பறப்புகளில் பழகிவிடும். வெறும் வயிற்றுடனும் போகாதீர்கள், இடியப்பமும் சொதியும் நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். குமட்டல் தொடங்கியதும் பயிற்றுநரிடம் சொன்னால் அவர் வட்டத்தை நிறுத்திவிடுவார். வாந்திக் குளிசைகளும் நித்திரை தருபவை என்பதால் தனியாக ஓட்டுபவர் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எடையும் வயதும்?

பல பயிற்சிக் கிளைடர்களில் ஓர் இருக்கைக்கு பரசூட்டையும் சேர்த்து ஏறத்தாழ 110 கிலோ எல்லை. குறைந்தபட்ச எடையும் உண்டு. மெலிந்த பிள்ளைகள் ஈயக்கட்டி வைத்துப் பறக்க நேரும். எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம், ஏனெனில் அது விமானத்தின் சமநிலைப் புள்ளியையே நகர்த்துகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் 14 வயதில் தனியாகப் பறக்கலாம். அனுமதிப்பத்திரத்துக்கு 16 வயது ஆக வேண்டும். முதுமைக்குப் பொதுவான எல்லை எதுவும் இல்லை. நான் பழகிய கழகத்தில் வாரநாட்களில் மைதானத்தை நிறைத்தவர்கள் ஓய்வூதியக்காரர்களே.

கொழும்பிலேயே முன்கூட்டிச் சோதித்துக்கொள்ளலாமா?

பயணத்துக்கு முன்னர் சோதிப்பது நல்லது. சில நிமிட வேலைதான். கைபேசித் திரையில் பார்க்கும் புள்ளித் தகடுகளை நம்பாதீர்கள்; திரை நிறத்தைத் தன் போக்கில் மாற்றும். அச்சிட்ட தகடுகளைப் பகல் வெளிச்சத்திலோ அதற்கு ஒப்பான விளக்கிலோ காட்டச் சொல்லுங்கள்; மஞ்சள் மின்குமிழின் கீழ் காட்டினால் முடிவு பிழைக்கும். எத்தனை தகடுகளில் எத்தனை சரி என்பதையும், எந்தப் பதிப்பு என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளின் ஆங்கிலப் பிரதியை, சேரப்போகும் கழகத்துக்கு முதல் மின்னஞ்சலிலேயே அனுப்பிவிடலாம்.